வெயிலில் போகாதே என்பது மருந்தாகுமா?

இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவி, விலங்கியல் துறை

பங்குனி மாதத்தில், காலை எட்டு மணிக்கு, மாதனூர்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஷூ கம்பெனி வேனுக்காகக் காத்திருக்கும் பெண்களில் சிலர், துப்பட்டாவை எடுத்துக் கழுத்தையும் முன்கையையும் சுற்றி மூடியிருப்பார்கள். நெடுஞ்சாலைத் தூசிக்காக என்று எண்ணுவோர் உண்டு. கறுத்துப் போகாமல் இருக்க என்று கேலி பேசுவோரும் உண்டு. பெரும்பாலோர் விஷயத்தில் அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஓரிருவர் என்னைப் போன்றவர்கள். வெயில் பட்டால் எங்கள் தோல் தடித்துவிடும்.

இதைப் பற்றி ஆண்டு மலரில் எழுதப் போகிறேன் என்றபோது என் தோழி ஒருத்தி, "ஏன், கவிதை எழுதக் கூடாதா?" என்று கேட்டாள். கவிதை எழுதப் பலர் இருக்கிறார்கள். இதை எழுத யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. ஆகவே பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது எனக்கு இது முதன்முதலாக வந்தது. விளையாட்டு விழா ஒத்திகைக்காக மூன்று நாட்கள் அரைக்கைச் சட்டையோடு திடலில் நின்றோம். இரண்டாம் நாள் இரவே முன்கைகளிலும் பிடரியிலும் அரிப்பெடுத்தது. காலையில் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் நூற்றுக்கணக்கான சிறு பருக்கள். ஒரு வாரத்தில் பருக்கள் அடங்கின. அடங்கிய இடத்தில் தோல் வெளிறித் திட்டுத் திட்டாக நின்றது. வேர்க்குரு என்றார் அம்மா. நுங்கு வாங்கித் தேய்த்தார். சூட்டுக் கொப்புளம் என்றார் பாட்டி. அம்மன் பார்வை என்று வேப்பிலை அரைத்துப் பூசியவர்களும் உண்டு. அவர்கள் அன்பை நான் குறைகூறவில்லை. ஆனால் வேர்க்குரு எங்கே வரும்? உடை மூடி வியர்வை தேங்கும் முதுகிலும் இடுப்பிலும் வரும். எனக்கு வந்தது உடை மூடாத இடத்தில். ஜாக்கெட்டின் கை முடியும் இடத்தில் கோடு கிழித்தாற்போலத் தடிப்பு நின்றுவிட்டது. இந்த ஒரு வேறுபாட்டை அன்று யாராவது கவனித்திருந்தால் எனக்கு நான்கு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் கவனித்தார். கவனித்தது வேறொன்றை. வெளிறிய திட்டுகளைப் பார்த்துவிட்டு, என் அம்மாவைத் தனியே அழைத்து, "அந்த வியாதியா இருக்கப் போவுது, பொண்ணு வேற" என்றார். எந்த வியாதி என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொழுநோய்க்கு உலகமே வந்து பாடம் கற்ற மண் இது. 1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் வேலூரில்தான் தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்தார். 1955-ல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1982-க்குப் பின் வந்த கூட்டு மருந்து முறையால் அந்நோய் முற்றிலும் குணமாகிறது. இவ்வளவும் நம் கண்முன் நடந்திருக்க, தோலில் ஒரு வெளிறிய திட்டைக் கண்டால் நம் வீடுகளில் கதவு சாத்தப்படுகிறது. அது தொழுநோயாகவே இருந்தாலும் கதவைச் சாத்த நியாயம் இல்லை என்பது வேறு.

கதவு சாத்தப்பட்ட வீட்டில் மருத்துவர் நுழைய மாட்டார். மருந்துக் கடை நுழையும். அம்மா யாரிடமும் சொல்லாமல் கடையில் ஒரு களிம்புக் குழாய் வாங்கி வந்தார். பூசிய இரண்டே நாளில் அரிப்பு நின்றது. மந்திரம் போட்டது போல் இருந்தது. அந்த மந்திரத்தின் பெயர் ஸ்டீராய்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். கைக்குப் பூசியதை, நிறம் தெளியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முகத்துக்கும் பூசினேன். இரண்டு ஆண்டுகள் பூசினேன். பூசாவிட்டால் முகம் சிவந்து எரியும், பூசினால் அடங்கும். கன்னத்தில் தோல் மெலிந்து, இரத்த நாளம் நூல் நூலாகத் தெரிய ஆரம்பித்தது. முன்பு என் முகத்தில் வெயில் ஒன்றும் செய்ததில்லை. இப்போது அதையும் தாங்க முடியவில்லை. ஒரு நோய்க்குப் போய் இரண்டு நோயை விலைக்கு வாங்கிய கதை. இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதி செய்தது. விதி தாளில் இருக்கிறது. நம் கடைத்தெருவில் வாய்ச் சொல்லே சீட்டு.

என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர் என் அத்தை. அப்பாவின் அக்காள். படித்தவர் அல்லர், பயப்படாதவர். வேலூரில் ஒரு மருத்துவமனை. தோல் மருத்துவரான அம்மையார் என் கையைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்விகளாகக் கேட்டார். எந்த மாதத்தில் வருகிறது? வெயில் பட்டு எத்தனை மணி நேரத்தில் வருகிறது? எத்தனை நாள் நிற்கிறது? மூட்டு வலி உண்டா, முடி கொட்டுகிறதா, வாயில் புண் வருமா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? பிறகு என் மோவாயை உயர்த்தித் தொண்டைக்கு மேலே பார்த்தார். காதுமடலின் பின்புறம் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, திட்டுகளின்மேல் பஞ்சுத் திரியால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அத்தை அப்போது விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததை நான் பின்னர் நூலகத்தில் உட்கார்ந்து படித்துப் புரிந்துகொண்டேன். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மங்கும், அரிக்காது. என் திட்டில் உணர்ச்சி முழுதாக இருந்தது, அரிப்பும் இருந்தது. மோவாயின் அடிப்பகுதியும் காதின் பின்புறமும் வெயில் எட்டாத இடங்கள். அங்கே தோல் நன்றாக இருந்தால் குற்றவாளி ஒளி. அங்கேயும் தடித்திருந்தால், காற்றில் வரும் ஏதோ ஒரு பொருள். கையில் மட்டும், விரலிடுக்கில் மட்டும் என்றால் தொழிலில் தொடும் பொருளை ஐயப்பட வேண்டும். நம் பகுதியில் அது தோல் பதனிடும் குரோமிய உப்பாக இருக்கலாம், செருப்பு ஒட்டும் பசையாக இருக்கலாம். மூட்டு வலியும் முடி உதிர்தலும் வாய்ப் புண்ணும் சேர்ந்தால் லூப்பஸ் என்னும், சிறுநீரகத்தைக்கூடத் தாக்கக்கூடிய நோயை நினைக்க வேண்டும்; அதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு. டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீரிறக்க மாத்திரைகளும் வெயிலுக்குத் தோலைக் காட்டிக் கொடுத்துவிடும். மருந்தை நிறுத்தினால் தடிப்பும் நிற்கும்.

எனக்கு வந்ததன் பெயர் பாலிமார்பஸ் லைட் எரப்ஷன். ஆளுக்கு ஆள் உருவம் மாறி வருவதால் அப்பெயர். ஒளித் தடிப்பு என்று தமிழில் சொல்லிக்கொள்கிறேன். ஒளியால் வரும் தோல் நோய்களில் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. பெண்களுக்கே அதிகம் வருகிறது. தழும்பு விடுவதில்லை, ஒட்டுவதும் இல்லை. வெயிலின் சூடு இதற்குக் காரணமன்று, அதில் உள்ள புற ஊதாக் கதிர்களே காரணம். ஆகையால்தான் நம் ஊர் அனல் கக்கும் அக்கினி நட்சத்திரத்தில் வராமல், அதற்கு முன்பே மாசி, பங்குனியில் வந்துவிடுகிறது. வைகாசிக்குள் பலருக்குத் தானே தணிகிறது. தோல் கொஞ்சம் கொஞ்சமாக ஒளியைத் தாங்கப் பழகிவிடுவதே அதற்குக் காரணம். ஆண்டு முழுதும் வெயில் படுகின்ற முகத்தில் பெரும்பாலும் வராமல் இருப்பதும் அதனால்தான். (என் முகத்தைக் கெடுத்தது வெயில் அன்று, களிம்பு.) இந்தப் பழக்கத்தையே மருத்துவர்கள் ஒரு சிகிச்சையாகவும் செய்கிறார்கள். கோடைக்கு முன்பே, வாரம் இரண்டு மூன்று முறை, சில வாரங்களுக்கு, விளக்கொளிப் பெட்டிக்குள் நிறுத்தி அளந்து அளந்து ஒளி காட்டுகிறார்கள். தோலைப் பதப்படுத்துவது ஆம்பூர்க்காரர்களுக்குப் புரியாத விஷயம் அல்லவே!

இதன் உறவு முறையில் அபூர்வமான நோய்கள் சில உண்டு. வெயிலில் நின்ற சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் சுணைத்துத் தடித்து, நிழலுக்கு வந்தால் ஓரிரு மணியில் மறைந்துவிடும் ஒன்று. அதற்கு ஒவ்வாமை மாத்திரைகள் உதவுகின்றன. குழந்தைகளின் முகத்தில் நீர்க் கொப்புளம் எழும்பி அம்மைத் தழும்பு போல் வடு விட்டுச் செல்லும் ஒன்று. பாசின் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-ல் அதை விவரித்தார். எல்லாவற்றிலும் கொடியது ஜெரோடெர்மா பிக்மென்டோசம். வியன்னாவில் கபோசி என்பவர் 1870-களில் இதனை எழுதி வைத்தார். புற ஊதாக் கதிர் நம் எல்லோருடைய மரபணுவையும் நாள்தோறும் சிதைக்கத்தான் செய்கிறது. உயிரணு அதைப் பழுது பார்த்துக்கொள்கிறது. இக்குழந்தைகளிடம் அந்தப் பழுது பார்க்கும் வேலை நடப்பதில்லை என்று 1968-ல் கிளீவர் கண்டுபிடித்தார். நடக்கப் பழகும் வயதிலேயே முகமெல்லாம் மச்சம். பள்ளி வயதில் தோல் புற்றுநோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். நம் மரபியல் வகுப்பில் கணக்குப் போட்டது நினைவிருக்கிறதா? தாய்மாமனுக்குப் பெண் கொடுத்தால், பிறக்கும் பிள்ளையிடம் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 8-ல் 1. தேர்வுக்கு எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு, வீட்டில் மாமன் மகன் பேச்சு எடுத்தால் தலை குனிந்து நிற்கிறோம். நானும் அப்படி நின்றவள்தான்; ஒரு முறை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போல், கைகளில் உறை மாட்டியது போல், வெயில் பட்ட இடமெல்லாம் கறுத்து உரியும் பெல்லாக்ரா என்னும் நோய் உண்டு. தக்காணத்தில் சோளத்தையே உணவாகக் கொண்ட ஏழை உழவர்களிடம் அது மிகுந்திருந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஐதராபாத்தில் அதை ஆராய்ந்து, சோளத்தில் உள்ள லியூசின் மிகுதிக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1960-ல் எடுத்துக் காட்டினார். அதற்கு மருந்து களிம்பன்று; நிகோடினமைடு என்ற வைட்டமின். இன்றும் மிகுந்த குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் அது தலைகாட்டுகிறது. வெயில் பட்டுத் தடித்த பத்துப் பேருக்கும் கடைக்காரர் ஒரே குழாயை எடுத்துக் கொடுக்கிறார் என்றால், அவர்களில் ஒருவருக்கு வைட்டமினும், ஒருவருக்கு ஒவ்வாமை மாத்திரையும், ஒருவருக்கு வேறு மருத்துவமனையும் தேவைப்படலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நிற்க. மருத்துவ அம்மையார் எனக்கு ஐந்து நாளைக்கு மட்டும் பூச ஒரு களிம்பும், அரிப்புக்கு மாத்திரையும், வெயிலுக்கு முன் பூசும் ஒளித்தடுப்புக் களிம்பும் எழுதினார். அதற்கும் அடங்காவிட்டால் கோடை முழுதும் சாப்பிட ஹைட்ராக்சிகுளோரோகுயின் இருக்கிறது, கண் பரிசோதனை செய்துகொண்டு தரலாம் என்றார். (2020-ல் கொரோனாவுக்கு உதவும் என்ற வதந்தியில் ஊரார் பதுக்கிய அதே மாத்திரை. லூப்பஸ் நோயாளிகள் அது கிடைக்காமல் அலைந்தார்கள். கொரோனாவுக்கு அது உதவவும் இல்லை.) கடைசியாக, "முக்கியமான மருந்து, வெயிலில் போகாமல் இருப்பது" என்றார்.

அத்தை அமைதியாகக் கேட்டார்: "வெயில்ல போவாதன்னா, வேலைக்கு யார் போறது டாக்டரம்மா?"

நான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தது அந்தக் கேள்விக்காகத்தான். அந்த அம்மையார் நல்லவர், சொன்னதும் சரியே. உலகத்தில் எந்த நூலைப் புரட்டினாலும் ஒளி நோய்களுக்கு முதல் சிகிச்சை வெயிலைத் தவிர்ப்பதே. ஆனால் அந்நூல்களை எழுதியவர்கள், வெயிலைத் தேடிக் கடற்கரைக்குப் போகும் மக்களை மனத்தில் வைத்து எழுதினார்கள். விடுமுறையில் ஒரு வாரம் வெயில் காய்பவர்களுக்குப் போகாதே என்று சொல்லலாம். களையெடுப்பவளுக்கும், செங்கல் சுமப்பவளுக்கும், தோல் மூட்டை இறக்குபவருக்கும் அதைச் சொன்னால் பட்டினி கிட என்று சொன்னதாகவே பொருள். செய்ய முடியாத சிகிச்சையைச் சொல்லிவிட்டு, நோயாளி சொன்னபடி நடக்கவில்லை என்று அட்டையில் எழுதுவது என்ன நியாயம்?

ஒளித்தடுப்புக் களிம்பு இருக்கிறதே என்பீர்கள். கணக்குப் பார்த்தேன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி, கைக்கு ஒரு தேக்கரண்டி வீதம் இரண்டு. ஆக ஒரு தடவைக்கு 3 தேக்கரண்டி, அதாவது 15 மில்லி. வியர்க்கும் வேலையில் 2 மணிக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். 50 மில்லிக் குழாய் ஒரு நாளுக்குக் காணாது. விளம்பரத்தில் வரும் பெண் பொட்டு அளவில் தொட்டு வைப்பதைப் பார்த்து, குழாயை மூன்று மாதம் வைத்துக்கொள்கிறோம். பலன் இல்லை என்கிறோம். மேலும் குழாயின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண், தோலைச் சுடும் குறுகிய கதிருக்குத்தான். ஒளித் தடிப்பைப் பெரும்பாலும் கிளப்பிவிடுவது நெடிய கதிர். அது கண்ணாடியையும் ஊடுருவி வரும். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து பயணம் செய்தும் எனக்குத் தடித்ததற்குக் காரணம் அதுவே. இப்போதெல்லாம் பேருந்தில் வெயில் விழாத பக்கம் பார்த்துத்தான் உட்காருகிறேன்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, அதை எனக்குக் காட்டியவர் அத்தைதான். நூறு நாள் வேலைக்குப் போன காலத்தில் அவர் புடவைக்கு மேலே மாமாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார், தலையில் துண்டு. நம் பக்கத்து வயல்களில் இதைப் பார்க்காதவர் இல்லை. முள் கீறாமல் இருக்க என்று நினைத்திருந்தேன். நெருக்கமாக நெய்த, சாயம் ஏற்றிய துணி, மெல்லிய வெள்ளைத் துணியைவிடப் புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கும் என்பது சோதித்து அறிந்த உண்மை. பாலாற்றைக் கடந்தால் குடியாத்தம். அங்கே நெய்யும் அடர் நிறக் கைலித் துணியில் தளர்வான முழுக்கைச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டேன். நாள் முழுதும் தீராத களிம்பு அது. துவைத்துப் போடலாம். நனைந்த துணி கதிரைக் கொஞ்சம் விட்டுவிடும் என்பதால் வியர்வைக்கு மாற்றுச் சட்டை ஒன்று. நிழல் என்னைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் இயன்றவரை கூரைக்கடியில். இவ்வளவோடு சென்ற இரு கோடைகளையும் மாத்திரை இல்லாமல் கடந்துவிட்டேன். இப்படி மூடிக்கொண்டு திரிபவர்கள் வைட்டமின் டி குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள், அதையும் செய்கிறேன்.

மருத்துவர் சீட்டில் இந்தச் சட்டை ஏன் எழுதப்படுவதில்லை? களிம்பின் பெயர் எழுதுகிறார்கள். எத்தனை முறை என்று எழுதுகிறார்கள். "முழுக்கைச் சட்டை, அடர் நிறம்; 10 மணி முதல் 3 மணி வரை நிழலில் வேலை தரவும்" என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், ஒரு பெண் அதை மேஸ்திரியிடம் நீட்டலாம். நிற்கும் இடத்தை மாற்றக் கேட்பதற்கு அவளிடம் இன்று ஒரு தாளும் இல்லை. சீக்கு வந்தவள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

அத்தை இளவயதில் ஒரு தோல் ஷாப்பிலும் வேலை செய்திருக்கிறார். அங்கே பட்டை போட்டுப் பதனிட்ட தோலை நேர் வெயிலில் காயவிட மாட்டார்களாம். நிறம் கறுக்கும், விறைத்து வெடிக்கும், விலை போகாது. அதற்கென்றே நாலு பக்கமும் காற்று வரும்படி பெரிய கொட்டகை போட்டு நிழலில் தொங்கவிடுவார்கள். "நாங்க மட்டும் முற்றத்துல, வெயில்ல, அந்தத் தோலைச் சுமந்துகினு போவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோல் தொழிலால் பாலாறு கெட்டதற்கு வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்காடி 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியது. ஆற்றுக்கும் மண்ணுக்கும் கிடைத்த அந்தக் கவனம், தோலைச் சுமந்தவர்களின் தோலுக்கு எப்போது கிடைக்கும்? தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் அம்மாவின் சம்பளமும் என் கல்லூரிக் கட்டணமும் அதிலிருந்து வந்தவையே. கொட்டகையை இன்னும் பத்தடி நீட்டுங்கள் என்கிறேன்.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். முதலாண்டில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு 7 நாட்கள் சென்றோம். ஒரு கிராமத்துத் தரிசில் பார்த்தீனியச் செடி ஒழிப்பு. காலை பத்து மணிக்கு மேல், வெறுங்கையால், அரைக்கைச் சட்டையோடு, பாட்டுப் பாடிக்கொண்டு பிடுங்கினோம். 1950-களில் புனே நகரில் முதலில் தென்பட்டு நாடெங்கும் பரவிய அச்செடியின் பூந்தூளும் காய்ந்த ரோமமும் தோலில் பட்டால், சிலருக்குக் கண் இமையிலும் கழுத்து மடிப்பிலும் படை எழும். அது முற்றினால், செடியை விட்டு விலகிய பிறகும் வெயில் பட்டாலே தடிக்கும் நிலை வந்துவிடலாம். அந்த நிலைக்கு வந்தவர்களுக்கு அசாத்தியோபிரின் போன்ற கடும் மருந்தை மாதக்கணக்கில் தர வேண்டியிருக்கிறது. அன்று இது எனக்கும் தெரியாது; எங்களை அழைத்துச் சென்றவர்களுக்கும் தெரியாது. ஆகவே யாரையும் குறை சொல்லவில்லை. முகாம் முடிந்து வந்த வாரம் எங்கள் வகுப்பில் மூன்று பேர் சொறிந்துகொண்டிருந்தோம். எனக்கு ஒளி, மற்ற இருவருக்குச் செடியாக இருக்கலாம். பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. அவர்களுக்கும் யாரோ ஒரு குழாய் வாங்கிக் கொடுத்தார்கள்.

"ஊரே வெயிலில் நிற்கிறது, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் கோபித்துக்கொள்வதில்லை. நிலக்கடலை எல்லோரும் தின்கிறோம். ஒருவனுக்கு மட்டும் தொண்டை வீங்குகிறது. அவனைப் பார்த்துச் சொகுசு என்று யாரும் சொல்வதில்லை. வெயிலும் அப்படித்தான். அதே ஒளி மருந்தாகவும் இருக்கிறது. டென்மார்க்கின் ஃபின்சென் தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தி 1903-ல் நோபல் பரிசு பெற்றார். வெண்புள்ளிக்கு நம் சித்த மருத்துவர்கள் வைத்திருந்த கார்போகரிசியில் இருப்பதும் தோலை ஒளிக்கு இளக்கிக் கொடுக்கும் ஒரு பொருளே. அவ்வினப் பொருளையும் விளக்கொளியையும் சேர்த்து 1974-ல் பாஸ்டன் மருத்துவர்கள் காளாஞ்சகப் படைக்குப் புதிய சிகிச்சை கண்டார்கள். அளவு தெரியாமல் அந்த அரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தால் வெந்து கொப்பளிக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; நாளை யாராவது என் பெயரைச் சொல்லிப் பூசிக்கொள்ளக் கூடாது.

வருகிற முகாமைப் பொறுத்து முதல்வர் அவர்களுக்கும் திட்ட அலுவலருக்கும் என் விண்ணப்பம் எளியது. களப்பணியைக் காலை 10 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்குப் பிறகும் வைத்துக்கொண்டு, நடுப்பகலைச் சொற்பொழிவுகளுக்கு ஒதுக்கலாம். செடி பிடுங்குவோருக்குக் கையுறை. பூக்கும் முன்பே பிடுங்குவது. முழுக்கைச் சட்டையைக் கேலிக்கு உரியதாக ஆக்காமல் எல்லோருக்குமே விதியாக்கிவிடலாம். தேசிய மாணவர் படை அணிவகுப்பில் நிற்க முடியாதவர், மருத்துவர் தாள் கொண்டு வந்தால் வருகைப் பதிவு குறையாமல் நிழலில் வேறு பணி. இவற்றில் கையுறைக்கு மட்டுமே பணம் வேண்டும்.

இதை எழுதி முடித்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பக்கத்து வீட்டம்மாவைப் பத்தி எழுதியிருக்கியே, அவளுக்கும் கையில வருதுடி, போன பங்குனியில நான்தான் பார்த்தேன்" என்றார். அடுத்த வாரம் அவரையும் அழைத்துக்கொண்டு வேலூருக்குப் போகிறோம். வெயில் ஏறும் முன்பே பஸ் பிடிக்க வேண்டும் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.